எருவா, யூரியாவா? கொங்கு மண்ணில் புதிதாகப் பண்ணையம் தொடங்குவோருக்கு

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையையோ கோவையில் கணினி வேலையையோ விட்டுவிட்டு, பெரியவர்கள் வைத்துவிட்டுப் போன தோட்டத்துக்குத் திரும்புகிறவர்கள் இப்போது கொங்கு நாட்டின் எல்லாத் திசைகளிலும் இருக்கிறார்கள். அப்படித் திரும்பியவரை முதல் வாரத்திலேயே இரண்டு அறிவுரைகள் வந்தடையும். ‘அடியுரம் ஒரு மூட்டை டிஏபி, இருபதாம் நாள் யூரியா, முப்பதாம் நாள் மருந்து’ என்று உரக்கடையில் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுப்பது ஒன்று. ‘யூரியாவைத் தொட்டால் மண் செத்துவிடும், ஒரு நாட்டு மாடு இருந்தால் முப்பது ஏக்கருக்குப் போதும்’ என்று கைப்பேசிக் காணொளி சொல்வது மற்றொன்று. பெருந்துறைக்கும் சென்னிமலைக்கும் இடையே கீழ்பவானி வாய்க்கால் பாயும் நான்கு ஏக்கரில், இரண்டையும் அடுத்தடுத்து முழுதாக நம்பி, இரண்டிலும் கையைச் சுட்டுக்கொண்ட பிறகு எழுதும் குறிப்புகள் இவை.

இந்த வழக்கின் இரு தரப்பும் நம் ஊர்க்காரர்களே என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. பசுமைப் புரட்சியின் அரசியல் சுமையைத் தாங்கி, 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதையை இறக்குமதி செய்ய முடிவெடுத்த மத்திய வேளாண் அமைச்சர் சி. சுப்பிரமணியம், பொள்ளாச்சியை அடுத்த செங்குட்டைப்பாளையத்தில் பிறந்தவர். அந்தப் புரட்சியின் உரமூட்டைகளுக்கு மாற்றாக இன்று பலர் கையில் எடுக்கும், பசுவின் சாணம், மூத்திரம், பால், தயிர், நெய் சேர்ந்த கரைசலான பஞ்சகவ்யத்தை வேளாண்மைக்கு ஏற்றபடி வகுத்துப் பரப்பியவர் கொடுமுடியைச் சேர்ந்த மருத்துவர் கே. நடராஜன். 2013-இல் மறைந்த இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் உருவாக்கிய வானகம் பண்ணை, கொங்கின் கிழக்கு ஓரமான கரூர் மாவட்டம் கடவூரில் இருக்கிறது. இவர்களுக்கெல்லாம் முன்பே, 1909-ஆம் ஆண்டிலேயே, கோவை வேளாண் கல்லூரி நிலத்தில் ஒரு சோதனையைத் தொடங்கிவிட்டார்கள். எரு இட்ட பாத்தி, ரசாயன உரம் இட்ட பாத்தி, எதுவும் இடாத பாத்தி என்று பிரித்து, ஆண்டுதோறும் அதே பாத்திக்கு அதையே இட்டு விளைச்சலை அளந்துவரும் சோதனை அது. அதைப் பற்றிக் கீழே மீண்டும் சொல்கிறேன்.

புதியவர்கள் செய்யும் முதல் பிழை, உரத்தையும் பூச்சிமருந்தையும் ‘ரசாயனம்’ என்ற ஒரே சாக்கில் கட்டிவிடுவதாகும். உரம் பயிருக்கான உணவு, மருந்து உயிரைக் கொல்லும் நஞ்சு. யூரியாவைப் பற்றி ஒருவர் எடுக்கும் முடிவு குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்தைப் பற்றிய முடிவையும் தானாகக் கட்டாயப்படுத்தாது. இரண்டையும் தனித்தனிக் கேள்விகளாக வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை அங்கேயே ஓய்ந்துவிடும். இந்தக் குறிப்பையும் அதே வரிசையில்தான் எழுதுகிறேன்.

படி ஒன்று: மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் பரிசோதிக்கக் கொடுங்கள்

அறுவடை முடிந்து அடுத்த உழவுக்கு முன்பாக மண் எடுக்க வேண்டும். ஒரே நிறமும் ஒரே மேடுபள்ளமும் உள்ள நிலத்துக்கு ஒரு மாதிரி போதும். ஆனால் மேற்குப் பக்கம் செம்மண்ணும் கிழக்குப் பக்கம் கரிசலுமாக இருந்தால் (பல்லடம், சூலூர், உடுமலைப் பக்கம் ஒரே தோட்டத்தில் இப்படி அமைவதுண்டு) இரண்டு மாதிரிகள் தேவை. மேலே கிடக்கும் சருகை நீக்கிவிட்டு, வளைந்து வளைந்து நடந்து பத்துப் பதினைந்து இடங்களில் ‘வி’ வடிவக் குழி வெட்டி, அதன் பக்கச் சுவரிலிருந்து மேல்மட்டம் தொடங்கி 15 செண்டிமீட்டர் ஆழம் வரை சீராக ஒரு படலம் சீவி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரு சாக்கின்மேல் கொட்டிக் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பகுதிகளை ஒதுக்கி, மீதியை மீண்டும் நான்காகப் பிரித்து, அரைக்கிலோ வரும்வரை இப்படியே குறைத்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டுங்கள். வரப்பு ஓரம், மரத்தடி, குப்பைமேடு இருந்த இடம், அண்மையில் உரம் வைத்த இடம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். ஒரு கைப்பிடி மண் முழு நிலத்துக்கும் சாட்சி சொல்லப்போகிறது என்பதால், எடுக்கும் முறையில் சோம்பல் காட்டினால் பரிசோதனை முடிவு அட்டையில் வரும் எண்களுக்குப் பொருளே இராது.

மோட்டாரைக் கால்மணி நேரம் ஓடவிட்ட பிறகு ஒரு புட்டியில் தண்ணீரும் பிடித்துக் கொடுங்கள். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஆழ்துளைக் கிணற்றில் ஆயிரம் அடியிலிருந்து வரும் தண்ணீர் உப்பாக இருந்தால், சாதாரண பொட்டாஷில் உள்ள குளோரைடு அந்த உப்போடு சேர்ந்துகொள்ளும். அத்தகைய இடத்தில் விலை கூடினாலும் பொட்டாசியம் சல்பேட்டே பொருத்தமானது.

வரும் அட்டையில் மூன்று எண்களை முதலில் பாருங்கள். முதலாவது, மண்ணின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச். நம் பகுதியில் சுண்ணாம்பு கலந்த மண் அதிகம் என்பதால் 8-ஐத் தாண்டுவது வழக்கம். இரண்டாவது, மண்ணில் உள்ள உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன். அது 1-க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. மூன்றாவது கரிமச்சத்து. அது 0.5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் குறைவு, 0.75-க்கு மேலே இருந்தால் வளம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில், வெயில் ஆண்டு முழுவதும் மண்ணின் கரிமத்தைத் தின்றுகொண்டிருக்கும் இடத்தில், செம்மண் தோட்டங்கள் 0.5-ஐத் தொடுவதே அரிது. இந்த ஓர் எண்தான் எருவுக்கு ஆதரவான மிக வலுவான வாதம். அதற்கு எந்தத் தத்துவமும் துணைக்கு வேண்டியதில்லை.

படி இரண்டு: சத்துக் கணக்கைத் தாளில் எழுதிப் பாருங்கள்

வேருக்கு எருவின் தழைச்சத்து (நைட்ரஜன்), யூரியாவின் தழைச்சத்து என்ற வேறுபாடு தெரியாது. சாணத்தில் இருக்கும் புரதத்தை நுண்ணுயிர்கள் உடைத்து அம்மோனியமாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. யூரியாவும் மண்ணில் கரைந்து அதே அம்மோனியமாகி, அதே நைட்ரேட்டாகித்தான் வேருக்குள் போகிறது. காற்றில் உள்ள நைட்ரஜனைப் பிடித்து அம்மோனியாவாக்கும் வழியை ஜெர்மானியரான ஃபிரிட்ஸ் ஹேபர் 1909-இல் செய்துகாட்டினார். கோவைச் சோதனைப் பாத்திகளும் அதே ஆண்டில் தொடங்கின என்பது தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடித்த தற்செயல். ஆகவே ‘யூரியா நஞ்சு’ என்ற பேச்சை ஒதுக்கிவிடலாம். உண்மையான வேறுபாடுகள் மூன்று. சத்து எவ்வளவு செறிவாக இருக்கிறது, எவ்வளவு வேகமாக வெளிவருகிறது, சத்தோடு கரிமமும் சேர்ந்து வருகிறதா என்பவையே அவை.

இப்போது கணக்கைப் பார்ப்போம். நன்கு மக்கிய தொழுஉரத்தில் தழைச்சத்து ஏறத்தாழ 0.5 விழுக்காடு, அதாவது டன்னுக்கு 5 கிலோ. யூரியாவில் 46 விழுக்காடு, அதாவது 45 கிலோ மூட்டையில் 20.7 கிலோ. ஒரு மூட்டை யூரியாவுக்கு ஈடாக 4 டன்னுக்குச் சற்றுக் கூடுதலான எரு வேண்டும். உங்கள் மஞ்சளுக்கு ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்து தேவை என்று வைத்துக்கொண்டால், மூன்று மூட்டை யூரியா போதும்; மூட்டை ₹266.50 என்ற மானிய விலையில் 800 ரூபாய்க்குள் முடிந்துவிடும். அதையே எருவில் மட்டும் கொடுக்க வேண்டுமானால் 12 டன் வேண்டும். அப்போதும் அந்தப் 12 டன்னில் இருக்கும் தழைச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவே முதல் ஆண்டில் பயிருக்குக் கிடைக்கும். மீதி மண்ணில் தங்கி மெதுவாக வெளிவரும். ஒரு மாடு நாளுக்கு 10 கிலோ சாணம் போட்டால் ஆண்டுக்கு மூன்றரை டன் சேரும், அது மக்கி உலர்ந்து ஏறத்தாழப் பாதியாகும். ஓர் ஏக்கர் மஞ்சளுக்கே ஆறேழு மாடுகள் கட்டுத்தாரையில் நிற்க வேண்டும். ஒரு மாட்டுக்கு முப்பது ஏக்கர் என்ற கணக்கு எதை வைத்துச் சொல்லப்படுகிறது என்பதை இந்தத் தாளைப் பார்த்தபிறகு நீங்களே கேட்டுக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கோடு நிறுத்திக்கொண்டால் யூரியா வென்றுவிட்டது போலத் தோன்றும். அங்கேதான் 1909-இன் பாத்திகள் குறுக்கே வருகின்றன. அந்தச் சோதனையிலும், கோவை வேளாண் பல்கலைக்கழகம் 1972-இல் கேழ்வரகு, மக்காச்சோளச் சுழற்சியில் தொடங்கிய மற்றொரு நீண்டகாலச் சோதனையிலும், தழைச்சத்து மட்டும் இட்ட பாத்திகள் ஆண்டுகள் போகப்போகப் பின்தங்கின. தழைச்சத்து, மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்) என்ற மூன்று பேரூட்டங்களையும் சமச்சீராக இட்டவை தாக்குப்பிடித்தன. அவற்றோடு தொழுஉரமும் சேர்ந்து இட்டவையே விளைச்சலிலும் மண்ணின் கரிமச்சத்திலும் முன்னே நின்றன. கரிமம் கூடினால் செம்மண் ஈரத்தைப் பிடித்து வைக்கும். சுண்ணாம்பு கட்டிப்போட்டிருக்கும் துத்தநாகமும் இரும்பும் வேருக்குக் கிடைக்கும். நீங்கள் போடும் யூரியாவும் வீணாகாமல் தங்கும். மூட்டையால் இவற்றில் எதையும் செய்ய முடியாது.

நான் இப்போது கடைப்பிடிப்பது இதுதான். ஏக்கருக்கு 4 முதல் 5 டன் மக்கிய எரு, ஆண்டுக்கு ஒரு முறை பசுந்தாள் உரம், அதன்மேல் மண் பரிசோதனை கேட்கும் ரசாயன உரத்தில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு. எருவைப் பெருக்கியபடியே மூட்டையைக் குறைத்து வருகிறேன்.

படி மூன்று: எருவைத் தேடுங்கள், ஆனால் பச்சையாகக் கொட்டாதீர்கள்

எரு விலைக்குக் கிடைக்கிறது என்பதற்காகச் சொந்தக் கட்டுத்தாரையை மறந்துவிட வேண்டாம். சாணத்தைவிட மாட்டு மூத்திரத்தில் தழைச்சத்து செறிவாக இருக்கிறது, பெரும்பாலான தொழுவங்களில் அதுதான் வீணாக மண்ணுக்குள் இறங்குகிறது. தரையில் வைக்கோல் கூளமோ கடலைத்தோலோ பரப்பி, அது நனைந்ததும் வாரிக் குப்பைக்குழியில் சேர்த்தால் எருவின் தரம் கண்கூடாக உயரும். குழிக்கு மேலே ஒரு தென்னங்கீற்றுப் பந்தல் இருந்தால் வெயிலும் மழையும் சத்தைக் கொண்டுபோகாது.

ஆட்டுப் பட்டி போடும் வழக்கம் காங்கேயம், தாராபுரம் பக்கம் இன்னும் இருக்கிறது. அறுவடையான நிலத்தில் இரவில் ஆடுகளை அடைத்து, நாளுக்கு ஓர் இடமாகப் பட்டியை நகர்த்திக்கொண்டே போனால், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, இறைப்புக்கூலி என்று எதுவும் இல்லாமல் புழுக்கையும் மூத்திரமும் நேராக நிலத்தில் சேரும். பட்டி நகர்ந்த சில நாட்களுக்குள் மேலோட்டமாக உழுதுவிட வேண்டும்.

கோழி எரு விஷயத்தில் என் கதையைச் சொல்லியாக வேண்டும். பல்லடத்திலும் உடுமலையிலும் கறிக்கோழிப் பண்ணைகள், நாமக்கல்லில் முட்டைக்கோழிப் பண்ணைகள் என்று இருக்கும் ஊரில் கோழி எருவுக்குப் பஞ்சமில்லை. அதில் தழைச்சத்து 3 விழுக்காடு வரை இருக்கிறது, மாட்டெருவைப் போல ஆறு மடங்கு. அந்த எண்ணில் மயங்கி, பண்ணையிலிருந்து வந்த லோடை அப்படியே அரை ஏக்கர் தக்காளி நாற்றுக்கு வரிசையோரம் போட்டு நீர் கட்டினேன். நாற்றம் தாங்காமல் வீட்டுச் சன்னலைச் சாத்தினோம். ஒரு வாரத்தில் இலையோரம் கருகி, பத்து நாளில் பாதிச் செடிகள் சாய்ந்துவிட்டன. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வந்து பார்த்துவிட்டு, “கோழிக்குப்பைய அப்பிடியே கொட்டுனா செடி தாங்குமா கண்ணு? மூணு மாசம் ஆற வெக்கோணும்” என்று சொல்லிவிட்டுப் போனார். பச்சைக் கோழி எருவில் இருக்கும் யூரிக் அமிலம் வேகமாக உடைந்து, சூட்டையும் அம்மோனியாவையும் கக்கும். ‘அங்ககம்’ (ஆர்கானிக்) என்ற பெயர் வேரைச் சுடாமல் காப்பாற்றாது.

தென்னை நார்க்கழிவும் அப்படித்தான். பொள்ளாச்சிப் பக்கம் மலைபோலக் குவிந்து கிடக்கும் இதில் கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 112-க்கு 1 என்ற அளவில் இருப்பதால், பச்சையாக இட்டால் அதை மக்கச்செய்யும் நுண்ணுயிர்கள் பயிருக்குரிய தழைச்சத்தையே இழுத்துக்கொள்ளும். வேளாண் பல்கலைக்கழகத்தின் முறைப்படி, ஒரு டன் நார்க்கழிவுக்கு ஐந்து புட்டி சிப்பிக்காளான் வித்தும் 5 கிலோ யூரியாவும் அடுக்கடுக்காகப் போட்டு ஈரம் குறையாமல் வைத்தால், ஏறத்தாழ இரண்டு மாதத்தில் அந்த விகிதம் 24-க்கு 1 என்று இறங்கிக் கறுத்த உரம் கிடைக்கும். யூரியா வேண்டாம் என்பவர்கள் அதற்குப் பதிலாகக் கோழி எருவைச் சேர்க்கலாம். கோழி எருவின் கூடுதல் தழைச்சத்தும் நார்க்கழிவின் கூடுதல் கரிமமும் ஒன்றையொன்று சமன்செய்துகொள்ளும். தக்காளி போன பிறகு நான் கற்றுக்கொண்ட உருப்படியான பாடம் இந்தக் கலவைதான்.

மாடும் இல்லை, லோடு வாங்கப் பணமும் இல்லை என்றால் பசுந்தாள் பயிரே வழி. ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூவெடுக்கும் 45-ஆம் நாள் வாக்கில் மடக்கி உழுதுவிடுங்கள். காரத்தன்மையுள்ள மண்ணிலும் அது நன்றாக வரும். தண்ணீர் குறைந்த காட்டுக்குச் சணப்பையோ கொளுஞ்சியோ பொருந்தும். விதை முற்றவிட்டால் தண்டு நாராகி மக்காது.

படி நான்கு: மூட்டையை வாங்கினால் வீணாக்காதீர்கள்

காரமண்ணின் மேல் யூரியாவை வீசிவிட்டு இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் விடுவது, மூட்டையில் ஒரு பங்கை அம்மோனியாவாகக் காற்றில் விடுவதற்குச் சமம். மண்ணில் ஈரம் இருக்கும்போது இட்டு, உடனே மண் அணைக்க வேண்டும் அல்லது சொட்டுநீரில் கரைத்துவிட வேண்டும். மொத்தத்தையும் ஒரே தவணையில் கொட்டாமல் நான்கைந்து தவணைகளாகப் பிரிக்க வேண்டும். வேர் எடுக்காத நைட்ரேட் தண்ணீரோடு கீழே இறங்கிக் கிணற்றில்தான் சேரும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக்கூடாது என்பது இந்தியத் தர அளவு. தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கும் வீடுகள் இதைச் சோதித்துக்கொள்வது நல்லது. மணிச்சத்தைச் சுண்ணாம்பு மண் கட்டிப்போடும் என்பதால் டிஏபியையோ சூப்பர் பாஸ்பேட்டையோ மக்கிய எருவோடு கலந்து வேரருகில் வைப்பது மேல். துத்தநாக சல்பேட்டை மணிச்சத்து உரங்களோடு கலக்கக்கூடாது.

பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம் பற்றி ஒரு வார்த்தை. பஞ்சகவ்யத்தை நூறு லிட்டர் தண்ணீருக்கு 3 லிட்டர் என்று கலந்து தெளிக்கிறார்கள், நானும் தெளிக்கிறேன், இலையின் நிறத்தில் வேறுபாடு தெரிகிறது. ஆனால் 10 கிலோ சாணமும் 10 லிட்டர் மூத்திரமும் 2 கிலோ வெல்லமும் 2 கிலோ பயறு மாவும் சேர்ந்து ஓர் ஏக்கருக்குப் போகும் ஜீவாமிர்தத்தில் எவ்வளவு தழைச்சத்து இருக்க முடியும் என்பதை மேலே சொன்ன கணக்கோடு ஒப்பிடுங்கள். இவை ஊக்கிகள், உணவுக்கு மாற்றாகா. எரு இல்லாத வெறும் செம்மண்ணில் கரைசலை மட்டும் நம்பி ஒரு பருவம் மஞ்சள் வைத்த என் நிலம் ஐந்தாம் மாதமே வெளிறிப்போனது.

படி ஐந்து: பூச்சிக்கு முன் பூச்சியைப் பாருங்கள்

இனி இரண்டாவது கேள்வி. இதில் என் சாய்வு வெளிப்படையானது: நாட்காட்டியைப் பார்த்து மருந்து அடிப்பதை முதல் நாளிலிருந்தே நிறுத்துங்கள்.

காரணத்தைக் கொங்கு நாடே இரண்டு முறை செலவழித்துக் கற்றிருக்கிறது. 2008-இல் கோவையில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு நில்லாமல் மரவள்ளியையும் மல்பெரியையும் அழித்தது. உடலை மூடிய மெழுகுப் பூச்சால் மருந்து உள்ளே போகவில்லை. விவசாயிகள் அடுத்தடுத்து மருந்தை மாற்றி அடித்துப் பணத்தை இழந்தார்கள். 2010-இல் போர்ட்டோ ரீக்கோவிலிருந்து தருவிக்கப்பட்ட, கண்ணுக்கு எளிதில் தெரியாத அசெரோபேகஸ் என்ற குளவி மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டுப் பெருகியபோது, சில மாதங்களில் நிலைமை தலைகீழானது. அடுத்ததாக 2016-இல் பொள்ளாச்சித் தென்னையில் சுருள் வெள்ளை ஈ தென்பட்டது. இம்முறை வேளாண் அறிவியலாளர்கள் தொடக்கத்திலேயே ‘மருந்து அடிக்காதீர்கள்’ என்றார்கள். காரணம், அந்த ஈயை உண்டு வளரும் என்கார்சியா குளவி தோப்புகளில் தானாகவே பெருகிக்கொண்டிருந்தது. மருந்து ஈயை விட்டுவிட்டுக் குளவியைக் கொன்றிருக்கும். கத்தரியில் பைரித்ராய்டு வகை மருந்தை மாறி மாறி அடித்து, காய்த்துளைப்பான் போகாமல் செம்பேனையும் வரவழைத்துக்கொண்ட அனுபவம் எனக்கும் உண்டு.

நடைமுறை இதுதான். வாரம் இரு முறை காலையில் வயலைச் சுற்றி நடந்து, அங்கங்கே சில செடிகளில் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பொறிவண்டு, சிலந்தி, குளவிக்கூடு ஆகியவற்றையும் எண்ணிக்கையில் சேருங்கள், அவை உங்கள் கூலியில்லாத ஆட்கள். ஏக்கருக்கு ஐந்து மஞ்சள் ஒட்டுப்பொறிகளும் ஐந்து இனக்கவர்ச்சிப் பொறிகளும் வைத்தால் எந்தப் பூச்சி எப்போது வருகிறது என்பது தெரிந்துவிடும். கத்தரியில் வாடிய குருத்துகளைக் கிள்ளி எரிப்பது, மஞ்சள் விதைக்கிழங்குக்கு நன்மை செய்யும் நுண்ணுயிர்களான டிரைக்கோடெர்மாவோ சூடோமோனாசோ கொண்டு நேர்த்தி செய்வது போன்றவை மருந்துக்கு முந்தைய வேலைகள். டிரைக்கோடெர்மாவை ஏக்கருக்கு ஒரு கிலோ என்ற அளவில் 20 கிலோ மக்கிய எருவில் கலந்து இடலாம். அது பூஞ்சை என்பதால், அதே சமயத்தில் பூஞ்சைக்கொல்லியை ஊற்றினால் இரண்டு செலவும் வீண்.

இவற்றையும் தாண்டிப் பூச்சி ஏறினால் வேப்பங்கொட்டைக் கரைசலைத் தெளியுங்கள். 5 கிலோ உலர்ந்த பருப்பை இடித்து, துணியில் கட்டி, 10 லிட்டர் தண்ணீரில் இரவு முழுதும் ஊறவைத்துப் பிழிந்து, 100 லிட்டராக்கி, காதி சோப்பு 200 கிராம் கரைத்துச் சேர்க்க வேண்டும். அதை அன்று மாலையே தெளிக்க வேண்டும். வேம்பின் வேதிப்பொருள் வெயிலில் சிதைந்துவிடும் என்பதால் காலையில் அடித்தால் பலன் குறையும். ‘வேப்பங்கரைசல் வேலை செய்யவில்லை’ என்று சொல்கிறவர்களிடம் எந்த நேரத்தில் தெளித்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

இயற்கையிலிருந்து வந்தால் தீங்கில்லை என்ற நம்பிக்கையையும் இங்கே கழற்றிவைக்க வேண்டும். புகையிலைக் கரைசலில் இருக்கும் நிகோடின் கொடிய நஞ்சு, வெறுங்கையோடு அதைக் கலக்கக்கூடாது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை அங்கக வேளாண்மையிலும் அளவோடு அனுமதிக்கப்பட்டதுதான், ஆனால் அதில் உள்ள தாமிரம் மண்ணில் சேர்ந்துகொண்டே போகும்.

எல்லாம் செய்தும் பயிர் கையைவிட்டுப் போகும் நிலை வந்தால், ரசாயன மருந்தை எடுப்பதில் எனக்குக் குற்றவுணர்ச்சி இல்லை. எடுத்தால் முறையாக எடுக்க வேண்டும். டப்பாவில் சாய்சதுரக் குறியின் கீழ்ப்பாதி நிறத்தைப் பாருங்கள். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. பச்சை என்றாலும் நஞ்சுதான். மோனோகுரோட்டபாஸ் காய்கறிக்கு அடிக்கத் தடைசெய்யப்பட்டது; யார் எழுதிக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். உங்கள் பயிரின் பெயர் லேபிளில் இருக்கிறதா, ஒரு டேங்குக்கு எத்தனை மில்லி, தெளித்து எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்ற மூன்றையும் படித்துவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும். இன்று அடித்து நாளை சந்தைக்குக் கொண்டுபோகும் தக்காளியைப் பற்றித்தான் நகரத்து மக்கள் பயப்படுகிறார்கள், அந்தப் பயம் நியாயமானது. இரண்டு மூன்று மருந்துகளை ஒரே டேங்கில் கலக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் ஆடிக்காற்றில் தெளித்தால் பாதி மருந்து பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விடும். காற்று அடங்கிய நேரத்தில், முகமூடியும் கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணிந்து, காற்றுக்கு முதுகு காட்டித் தெளிக்க வேண்டும். பூத்திருக்கும் பயிரில் தேனீக்கள் திரும்பிய பிறகு, மாலையில்தான் தெளிக்க வேண்டும்.

படி ஆறு: முழு அங்ககத்துக்குப் போக விரும்பினால்

விரும்புகிறவர்களைத் தடுக்க மாட்டேன். மேட்டுப்பாளையம் தேக்கம்பட்டியில் நூறு வயதைத் தாண்டியும் அங்கக முறையில் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பாப்பம்மாளுக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது நம் கண்முன்னே நடந்தது. ஆனால் ஒரே நாளில் மாறாதீர்கள். அதே 2021-இல் இலங்கை அரசு ரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று நிறுத்தி, நெல்லும் தேயிலையும் சரிந்து, அந்த ஆண்டு முடிவதற்குள் முடிவைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. மண்ணில் கரிமம் சேரும் முன்பே மூட்டையை எடுத்துவிட்டால் ஒரு நாட்டுக்கு நேர்ந்தது நான்கு ஏக்கருக்கும் நேரும். முதல் ஆண்டில் கால் பங்கு நிலத்தை மட்டும் மாற்றுங்கள்.

சான்றிதழ் வேண்டுமானால் தமிழ்நாடு அங்ககச் சான்றளிப்புத் துறையின் தலைமை அலுவலகம் கோவையிலேயே இருக்கிறது. பருவப் பயிர்களுக்கு இரண்டு ஆண்டுகளும் தென்னை போன்ற பல்லாண்டுப் பயிர்களுக்கு மூன்று ஆண்டுகளும் மாற்றுக்காலம் கழிய வேண்டும். அந்தக் காலத்தில் விளைச்சல் குறையக்கூடும், ஆனால் அங்கக விலை கிடைக்காது. அந்த இடைவெளியைத் தாங்கும் பணம் கையில் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. அண்டைத் தோட்டத்து மருந்து காற்றில் வராதபடி ஓர இடைவெளியும் உயிர்வேலியும் வேண்டும். கிளுவை வேலி இன்னும் நிற்கும் தோட்டங்களுக்கு இதில் ஒரு தொடக்கம் ஏற்கெனவே கிடைத்துவிட்டது. தனியாகச் செலவு தாங்காதவர்கள், ஐந்து விவசாயிகளாவது சேர்ந்து குழுவாகப் பதியும் பங்கேற்பு உத்தரவாதத் திட்டத்தைப் பற்றி வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்கலாம்.

படி ஏழு: உங்கள் தோட்டத்திலேயே ஒரு சோதனைப் பாத்தி

கடைசி வேலை எளிது. ஒரே பயிர், ஒரே நாள் நடவு, ஒரே தண்ணீர் என்று இருக்கும் இடத்தில் பத்துப் பத்து செண்ட்டாக மூன்று துண்டுகளுக்கு நான்கு மூலையிலும் கல் நடுங்கள். ஒன்றுக்கு எரு மட்டும், ஒன்றுக்குப் பரிந்துரைத்த ரசாயன உரம் மட்டும், ஒன்றுக்கு இரண்டும் கலந்து கொடுங்கள். வாங்கியது, ஆள்கூலி, தெளித்த நாள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் துண்டு வாரியாக எழுதுங்கள். அறுவடையன்று மூன்றையும் தனித்தனிச் சாக்கில் கட்டி, தனித்தனியாக எடை போட்டு, அந்த எடையைச் செலவுக்கு எதிரே எழுதுங்கள். அடுத்த ஆண்டும் அதே கற்களுக்குள் அதே உரத்தையே இடுங்கள், துண்டுகளை மாற்றிப் போட வேண்டாம்.